நீலமணி மாவு: சரக்கு நல்லது, தாள்தான் சரியில்லை

சுங்கை சிப்புட்டில் மணிமாலை கோத்துப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறேன். பிளாஸ்டிக் மணி அலுத்துப்போய் இணையத்தில் இந்த ‘எகிப்திய மணி மாவு’ வாங்கினேன். கிலோ 68 வெள்ளி. பழைய எகிப்தியர் ஃபயான்ஸ் என்ற பளபளக்கும் நீலச் சாமான் செய்த சரக்குதான்: அரைத்த படிகக்கல், கொஞ்சம் சுண்ணாம்பு, சோடா உப்பு, நிறத்துக்குச் செம்பு. களிமண் பெயருக்குத்தான். அதனால் புட்டு மாவு போலத்தான் வரும், பிடித்தால் நிற்கும், இழுத்தால் உதிரும். கையுறையும் முகமூடியும் கட்டாயம் போடுங்கள்.

இதற்குத் தனியாக மெருகு பூச வேண்டாம். காயும்போது உப்பு தண்ணீரோடு மேலேறி வெள்ளையாகப் பூக்கும். சூளையில் அதுவே உருகிக் கண்ணாடியாகிறது. விரல் பட்டால் பூத்தது உதிர்ந்து, அந்த இடம் மொட்டையாகிவிடும். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குத் கூட வந்த செய்முறைத் தாளில் ஒரே வரி: ‘உலர்த்திச் சுடவும்.’ நம்ம ஊர் மழைக்காலத்தில் எதை உலர்த்துவது? நான் பொட்டலத்தோடு வந்த நிக்ரோம் கம்பியில் (சூளைச் சூட்டைத் தாங்கும் கம்பி) மணிகளைக் கோத்துக் காற்றாடிக்குக் கீழே தொங்கவிட்டேன். கம்பியோடே சாயோங் பக்கம் ஒரு மண்பாண்டக் கூடத்துச் சூளைக்குப் போனது. வெளியே வந்த நீலத்தைப் பார்த்து அங்கிருந்த மக்சிக் (மலாய்க்கார அம்மா) இரண்டு மணி கேட்டு வாங்கிக்கொண்டார்.

கூட வந்த சிலிக்கோன் அச்சு வீண். அது ஈரத்தை இழுக்காது, பூ இதழெல்லாம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு பிய்கிறது. எகிப்தின் அமர்னாவில் 1891-92இல் தொல்லியல் ஆய்வாளர் பெட்ரி தோண்டியபோது ஆயிரக்கணக்கில் கிடைத்தவை சுட்ட மண் அச்சுகள். திராட்சைக் குலை, பூவிதழ், மோதிர முகப்பு என்று எல்லாம் கைக்கு அடக்கமானவை. சிலவற்றில் பழைய மாவு இன்னும் ஒட்டியிருக்கிறது. அமர்னாவைத் தலைநகராகக் கட்டிய அரசன் அக்நாத்தன் செத்த கொஞ்ச காலத்திலேயே ஊரைக் காலி செய்துவிட்டுப் போனதால் பட்டறைக் குப்பை நமக்கு மிச்சம். சரி, அவர்கள் வழியிலேயே போவோம் என்று அம்மாவின் தோட்டைக் களிமண்ணில் அழுத்தி, சுட்டு, அச்சாக்கினேன். மண் ஈரத்தைக் குடித்ததும் மாவு தானாக விடுகிறது. தோட்டின் கல் வரிசைகூட மணியில் அப்படியே விழுந்திருக்கிறது.

ஒரு குறை: பொட்டலத்தில் சுடும் சூடு போடவே இல்லை. கேட்டதற்கு விற்பவர் இரண்டு நாள் கழித்து, ஏறக்குறைய 950 பாகை செல்சியஸ் என்றார். அப்புறம், மணிகள் ஒன்றையொன்று தொடாமல் கோத்துக்கொள்ளுங்கள், ஒட்டிக்கொண்டால் உடைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

அடுத்த கிலோவுக்குச் சொல்லிவிட்டேன், அச்சு இல்லாமல்.