பென்ஸ் 190ஈ 16 வால்வா, பிஎம்டபிள்யூ எம்3யா?

எண்பதுகளின் ஜெர்மன் கார்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். ஸ்டுட்கார்ட்டின் 190ஈ 2.3-16, மியூனிக்கின் ஈ30 எம்3 (ஈ30 என்பது அந்தக் கால 3 சீரிஸின் உட்பெயர்). அளவுகளை மட்டும் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டிலும் நான்கு சிலிண்டர், 16 வால்வு. ஒன்று 2299 சிசி, இன்னொன்று 2302 சிசி. ஆனால் வளர்ந்த வீடு வேறு. அது தெரியாமல் எண்ணிக்கை குறைவு, விலை அதிகம் என்று மட்டும் பார்த்து வாங்கினால் தப்பான வகையில் பணம் போய்விடும்.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது குரூப் ஏ பந்தய விதி. பந்தயத்தில் ஓட வேண்டுமா? அதே காரை 12 மாதத்துக்குள் 5,000 எண்ணிக்கையில் செய்தாக வேண்டும். பிறகு மேம்படுத்த ஆசைப்பட்டால், அந்த மேம்பட்ட வகையில் இன்னொரு 500. இந்த 500 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பாளர்கள் இன்று துரத்துகிற கார்கள் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவைதான்.

190 வரிசை 1982 டிசம்பரில் வந்தது. புரூனோ சாக்கோவின் தலைமையில் வரைந்த உடல், பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து இணைப்புக் கம்பிகள் தாங்கும் புதிய சஸ்பென்ஷன். அதை ராலிக்கு, அதாவது சாதாரண சாலையிலும் மண்பாதையிலும் நடக்கும் பந்தயத்துக்கு, அனுப்பத்தான் முதலில் யோசித்தார்கள். இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனம் 16 வால்வு சிலிண்டர் ஹெட்டை (இன்ஜினின் மேல்பகுதியை) செய்து கொடுத்தது. அதற்குள் நான்கு சக்கரமும் இழுக்கும் ஆடி குவாட்ரோ ராலியைத் தன் கையில் எடுத்துக்கொண்டதால், பென்ஸ் பந்தயத் தடத்தின் பக்கம் திரும்பியது.

1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்தோ வட்டத் தடத்தில் இரவு பகலாக 50,000 கிலோமீட்டர் ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு 247.9 கிலோமீட்டர். நின்று பெட்ரோல் போட்ட நேரமும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு! அடுத்த ஆண்டு மே 12, புதிய நியூர்பர்க்ரிங் தடத்தின் திறப்பு. பேர் பெற்ற ஓட்டுநர்கள் பலர் ஒரே மாதிரியான 2.3-16 கார்களில் இறங்கினார்கள். ஃபார்முலா ஒன்னுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த அயர்டன் சென்னா ஜெயித்தார். பின்வரிசையிலிருந்து கிளம்பிய நிக்கி லாடா இரண்டாவது.

எம்3 அப்படிப் படிப்படியாக வந்ததில்லை. பிஎம்டபிள்யூவின் இன்ஜின் பொறியாளர் பவுல் ரோஷே ஆறு சிலிண்டர் இன்ஜினின் ஹெட்டை எடுத்து, அதில் இரண்டு சிலிண்டருக்கான பகுதியை அறுத்து நீக்கிவிட்டு, திறந்த பக்கத்தைத் தகடு வைத்து அடைத்து, பழைய நான்கு சிலிண்டர் பிளாக்கின் மேல் உட்கார வைத்தார். முதல் மாதிரி இன்ஜின் இரண்டே வாரத்தில் தயார். அந்தப் பிளாக்கும் சாதாரணமானதல்ல. 1983இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற டர்போ இன்ஜின் அதன் வழி வந்ததுதான். கார் 1985இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1986இல் உற்பத்திக்கு வந்தது.

எம்3 பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பானட், கதவு, கூரை இவை சாதாரண 3 சீரிஸ் காருடையவை. மற்ற இடமெல்லாம் வேறு. சக்கரத்துக்கு மேலே வெளியே தள்ளிய பெட்டி போன்ற வளைவுகள். பின்கண்ணாடியின் சாய்வையே மாற்றியிருக்கிறார்கள். டிக்கி மூடி உயர்ந்து, காற்றை அதன் மேலிருக்கும் இறக்கைக்குக் கொண்டுபோய் விடுகிறது. சக்கரத்தில் போல்ட் எண்ணுங்கள். சாதாரண ஈ30இல் நான்கு, இதில் ஐந்து. போலி எம்3யைச் சந்தேகிக்கும்போது முதலில் கண் போக வேண்டிய இடம் இது. ஆனால் போல்ட்டை மாற்றுவது கஷ்டமில்லை, பின்கண்ணாடிச் சட்டத்தை மாற்றுவதுதான் கஷ்டம், அங்கேயும் பார்த்துவிடுங்கள்.

சக்தியில் பென்ஸ் 185, எம்3 200 குதிரைத்திறன். இரண்டும் வினையூக்கி மாற்றி (புகையைச் சுத்தப்படுத்தும் கருவி) பொருத்தாத காரின் கணக்கு. ஐரோப்பாவில் விற்ற இரண்டிலும் முதல் கியர் இடது கைப்பக்கம் கீழே இருக்கும். பழக்கத்தில் மேலே தள்ளினால் ரிவர்ஸ் பக்கம் போய்விடும். தடத்தில் அதிகம் மாற்றுகிற இரண்டும் மூன்றும் நேர்க்கோட்டில் வரவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

பந்தயக் கணக்கில் எம்3 முந்தியது. 1987இல் எரிக் வான் டி போலே, 1989இல் ரொபெர்தோ ரவாக்லியா டிடிஎம் என்ற ஜெர்மன் கார் பந்தயத் தொடரின் பட்டம் வாங்கினார்கள். கோர்சிகா ராலியைக்கூட 1987இல் எம்3 ஜெயித்தது. பென்ஸ் 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு கிளவுஸ் லுட்விக் பட்டம் வென்றார், முதல் மூன்று இடமும் பென்ஸுக்கே.

இனி வகைகள். பென்ஸில் எல்லாரும் கேட்பது 1990இன் எவல்யூஷன் 2. மொத்தம் 502 கார், 235 குதிரைத்திறன், அந்தப் பெரிய பின்இறக்கை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1989இல் வந்த முதல் எவல்யூஷனை ஏன் இவ்வளவு பேர் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்கு ஆதங்கம். அதுவும் 502தான். 2.3-16க்குப் பிறகு வந்த 2.5-16இன் இன்ஜினில் சிலிண்டரை அகலமாக்கி, பிஸ்டன் ஓடும் தூரத்தை 87.2 மில்லிமீட்டரிலிருந்து 82.8 ஆகக் குறைத்தார்கள். தடத்தில் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும் என்பதே காரணம். விற்பனைக் காரில் சக்தி ஒன்றும் கூடவில்லை. பந்தயத்துக்காகவே இதயத்தை மாற்றிய கார் அது. எவல்யூஷன் 2 நிற்பதும் அதே இன்ஜின் மேல்தான்.

எம்3யில் உச்சம் 1990இன் ஸ்போர்ட் எவல்யூஷன். 600 கார், 2467 சிசி, 238 குதிரைத்திறன், கையால் நிலை மாற்றக்கூடிய முன், பின் இறக்கைகள். இதற்குக் கொடுக்கிற பணம் வீணில்லை. கூரை திறக்கும் எம்3 800க்கும் குறைவுதான், ஆனால் எந்தப் பந்தயமும் அதைக் கேட்கவில்லை. அரிது என்பதற்காக மட்டும் நான் வாங்க மாட்டேன். அதைவிட 320ஐஎஸ் மேல். இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் 2 லிட்டருக்கு மேல் வரி கடுமை என்பதால் எம்3 இன்ஜினை 1990 சிசிக்குச் சுருக்கி, சாதாரண 3 சீரிஸ் உடலில் வைத்தார்கள். 192 குதிரைத்திறன், நான்கு கதவிலும் உண்டு.

சரி, தடத்துக்கு என்றால் யோசிக்காமல் எம்3. வீட்டில் வைத்து, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போக என்றால் 2.3-16, ஐந்து இணைப்பு சஸ்பென்ஷனின் அருமை மழையில் வளைவு எடுக்கும்போது தெரியும். வாங்குமுன் பக்கவாட்டு பிளாஸ்டிக் உறையைக் கழற்றச் சொல்லுங்கள். ஜாக்கி வைக்கும் இடம் அதற்குள் ஒளிந்திருக்கிறது, துருவும் அங்கேதான் ஆரம்பிக்கும். அப்புறம் டைமிங் செயின் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். உறையைக் கழற்ற விற்பவர் தயங்கினால், வேறு காரைப் பாருங்கள்.