முதலில் தொட்டியின் அளவைத்தான் கேட்பார்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நன்னீர் மீன் என்றால் எந்தக் கடையில் நுழைந்தாலும் பெரிய நஷ்டம் வராது. கடல் மீன் அப்படி இல்லை. நான் முதலில் போனது கண்ணாடியும் விளக்குமாகப் பளபளத்த ஒரு கடை. அங்கே பட்டதைச் சொன்னால்தான் இரண்டாவது கடையைப் பற்றி எழுத ஏன் உட்கார்ந்தேன் என்பது புரியும்.

எங்கள் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு 190 லிட்டர். பாறையும் மணலும் போக 160 லிட்டர் நின்றால் அதிகம். முதல் கடையில் இதை யாரும் கேட்கவில்லை. "புதுத் தொட்டியா? டாம்செல் போடுங்க மேடம், எதையும் தாங்கும்" என்று நான்கு மீன்களைப் பையில் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று நீலம், ஒன்று, கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்த டாமினோ. தாங்கும் என்றது பொய்யில்லை. பக்கத்தில் இன்னொரு மீன் இருப்பதை மட்டும்தான் அது தாங்காது.

ஒரே மாதத்தில் டாமினோ இரண்டு நீல மீன்களைத் துரத்தித் துரத்தியே கொன்றது. துடுப்பு கிழிந்து மூலையில் கிடந்ததைப் பார்த்த என் மகள் அன்று காலை இட்லியைத் தொடவில்லை. அப்புறமும் புத்தி வராமல் அதே கடையில் கிளவுன் மீன் 'ஜோடி' வாங்கினேன். இரண்டும் பம்ப்புக்குப் பின்னால் போய் ஒளிந்தவைதான், சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. போய்ச் சொன்னால், "பழகிடும் மேடம்." பழகவில்லை. ஒன்று போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது கடையை அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். சந்துக்குள் ஒரு வீட்டின் கீழ்த்தளம். பலகையில் 'கடல் மீன்கள்' என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. கடைக்கார அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் மீனைக் காட்டிக் கேட்பதற்குள், "தொட்டி எத்தனை அடிம்மா? உள்ளே இப்ப யார் யார் இருக்காங்க?" என்றார். டாமினோவைச் சொன்னதும் தலையை ஆட்டினார். "அவன் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு நான் எதுவும் தர மாட்டேன்."

சரி, அதை எப்படிப் பிடிப்பது? வலையை விட்டால் பாறை இடுக்கில் போய் ஒட்டிக்கொள்கிறது. அவர் சொன்ன வழி இது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, ஒரு துண்டு இறாலைப் போட்டு மணலில் படுக்க வைக்க வேண்டும். உள்ளே போகிற மீனுக்கு வெளியே வர வழி தெரியாது. மறுநாள் சாயங்காலம் டாமினோ பாட்டிலுக்குள் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன், கையோடு மிச்சமிருந்த நீலத்தையும். கடையின் கடைக்கோடியில் இப்படித் திரும்பி வந்தவற்றுக்கென்றே ஒரு தொட்டி வைத்திருக்கிறார். 'ரவுடித் தொட்டி' என்று பெயர். எல்லாமே ரவுடி என்பதால் யாரும் யாரையும் கொல்வதில்லை போலும்.

கிளவுன் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. எல்லாக் கிளவுனும் முதலில் ஆணாகத்தான் இருக்குமாம். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுமாம். ஏற்கெனவே பெண்ணாகிவிட்ட இரண்டு பெரிய மீன்களை ஒன்றாக விட்டால் அடிதடிதான். முதல் கடையில் எனக்குக் கொடுத்தது ஒரே அளவில் இரண்டு பெரிய மீன். இவரோ, என் தொட்டியில் மிஞ்சியிருந்த பெரியதோடு சேர, அதில் பாதி அளவுகூட இல்லாத ஒரு குட்டியைக் கொடுத்தார். பண்ணையில் பொரித்தது. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கிளவுனைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்ததைப் பெருமையாகச் சொன்னார். கடலில் பிடித்ததைவிட இது குச்சித் தீவனத்துக்குச் சீக்கிரம் பழகும். கிளவுன் ஒண்டிக்கொள்கிற அனிமோன் என்ற கடல் உயிரி இல்லாமல் அது இருக்காதே என்று கேட்டேன். "நல்லாவே இருக்கும். அனிமோன் நடந்து போய் பம்ப்புல மாட்டிச்சுன்னா மொத்தத் தொட்டியும் காலி" என்றார்.

ஆனால் குட்டியை அன்றே தரவில்லை. பயந்த மீன் முதலில், வம்பு மீன் கடைசியில் என்பது அவர் கணக்கு. முதலில் ஃபயர்ஃபிஷ் என்ற பயந்த மீன் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒரு கிளீனர் இறால், அதற்குப் பிறகுதான் கிளவுன். பணம் கொடுக்கிறேன் என்றாலும் "அடுத்த மாசம் வாம்மா" என்கிற கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் மகள் ஆசைப்பட்ட நீல டாங் மீனை முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டார். அது ஓரடிக்கு வளரும், நாள் முழுக்க நீந்த இடம் வேண்டும், மூன்றடியில் வைத்தால் வெள்ளைப் புள்ளி நோய்தான். லயன் மீன் வாயில் நுழைகிற எதையும் விழுங்கும், இறாலை மறந்துவிடலாம். மாண்டரின் மீன் பொடிப் பூச்சிகளாகப் பொறுக்கித் தின்கிற ஜாதி, புதுத் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும். நான் நின்றிருந்தபோது ஒருவர் வந்து கடல் குதிரையும் பவளமும் கேட்டார். 2001 முதல் இரண்டும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, கேட்கவே கேட்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார்.

எந்த மீனை வாங்கினாலும் கண்ணெதிரே தீவனம் போட்டு, அது தின்பதைக் காட்டிவிட்டுத்தான் பையில் கட்டுகிறார். இது ஒன்றுக்காகவே நான் அவ்வளவு தூரம் போவேன். சென்னை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் வாங்க எனக்கு வசதியில்லை என்றதும், தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேனைத் திருப்பி வைக்கச் சொன்னார். இரண்டு டிகிரி இறங்குகிறது. தண்ணீர் வேகமாக வற்றும். அதற்கு உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான், ஏனென்றால் உப்பு ஆவியாகப் போவதில்லை.

குறைகளும் உண்டு. கடையின் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றுகிறது. ஒரு வரிசையில் இரண்டு மீன்களின் உடம்பில் வெள்ளைப் புள்ளி பார்த்தேன். அப்படியென்றால் மற்றவற்றுக்கும் தொற்றியிருக்கலாம். கேட்டதற்குச் சிரித்து மழுப்பினார். வாங்கி வருவதை வேறு ஒரு சின்னத் தொட்டியில் மூன்று நாலு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். விலையும் மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் கூட. மதியம் ஒன்று முதல் நாலு வரை கதவு மூடியிருக்கும், போன் எடுக்க மாட்டார். பேச ஆரம்பித்தால் முடிக்கவும் மாட்டார்.

ஃபயர்ஃபிஷ் இப்போது இல்லை. அது கடையின் தப்பு அல்ல. "குதிக்கும்மா, மூடி போடு" என்று மூன்று முறை சொன்னார். நான் வலை அடித்தேன், ஒயர் போகிற மூலையை மட்டும் விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் ஸ்டாண்டுக்குப் பின்னால் கருவாடாகக் கிடைத்தது. இறாலும் கிளவுன் ஜோடியும் நான்கு மாதமாக நன்றாக இருக்கின்றன. பெரியது போகிற இடமெல்லாம் சின்னது பின்னாலேயே போகிறது.

போகிறவர்கள் தொட்டியின் அளவை எழுதிக்கொண்டு போங்கள். என் கணவர் ஒருமுறை தனியாகப் போய், கையை விரித்து "இவ்ளோ இருக்கும்" என்று காட்டியிருக்கிறார். அளந்துவிட்டு வாருங்கள் என்று கடைக்கார அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார்.