பிளார்னியா, ஆக்னனூரா?

அயர்லாந்தில் கோபுர வீடுகளுக்குப் பஞ்சமில்லை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் குலத்தலைவர்கள் குடியிருக்கவும் எதிரியைத் தடுக்கவும் சேர்த்தே கட்டிய உயரமான கல்வீடுகள் இவை. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் பலரும் கார்க் நகரை ஒட்டிய பிளார்னியைச் சொல்வார்கள். இரண்டுக்கும் போய் வந்த என் ஓட்டு, கால்வே மாவட்டத்து ஆக்னனூருக்கு.

போக்குவரத்தில் பிளார்னிக்கே வெற்றி. கார்க்கிலிருந்து நகரப் பேருந்திலேயே போய்விடலாம், தோட்டமும் பிரமாதம். ஆக்னனூருக்குக் கார் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஊட்டரார்டில் பேருந்தை விட்டு இறங்கி நன்றாக நடக்க வேண்டும். கட்டணம் ஆக்னனூரில் குறைவு. இதெல்லாம் சரி, என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒன்றுதான்: உள்ளே நின்று நிதானமாகப் பார்க்க விடுகிறார்களா?

பிளார்னி 1446இல் மெக்கார்த்தி குலத்தார் கட்டியது. அங்கே உச்சியில் இருக்கும் கல்லை முத்தமிட்டால் பேச்சு வன்மை வரும் என்று நம்பிக்கை. மல்லாந்து படுத்து, இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் தொங்கவிட வேண்டும். அதற்கான வரிசை குறுகலான சுழல் படியிலேயே நிற்கிறது. ஓர் அறையை எட்டிப் பார்ப்பதற்குள் பின்னால் இருப்பவர் நெருக்குகிறார். நான் போனது கோடையில். குளிர்காலத்தில் கூட்டம் குறையலாம்.

ஆக்னனூரில் அந்த அவசரமே இல்லை. 1500 வாக்கில் ஓஃப்ளாஹெர்ட்டி குலத்தார் கட்டிய ஆறு அடுக்கு வீடு. இவர்களிடமிருந்து கடவுளே காப்பாற்று என்று கால்வே நகரவாசிகள் வேண்டிக்கொண்டார்களாம்! வாசலுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள், கூரையில் ஒரு துளை தெரியும். கதவை உடைத்து வருபவன் தலையில் கல்லைப் போடத்தான் அது. கீழே சன்னல்கள் வெறும் கீறல்கள், மேலே போகப் போக அகலமாகின்றன. பயம் குறையும் உயரத்தில்தான் குடும்பம் வெளிச்சத்தில் வாழ்ந்திருக்கிறது. பிளார்னியிலும் வாசல் துளை உண்டு, ஆனால் நின்று யோசிக்க யார் விடுகிறார்கள்?

வெளியே விருந்து மண்டபத்தில் பெரும்பகுதி இல்லை. அடியில் ஓடும் டிரிம்னீன் ஆறு அரித்து விழுந்துவிட்டது. எஞ்சிய சுவரின் சன்னலில் திராட்சைக் கொடிச் செதுக்கல் இன்னும் துல்லியம். பிடிக்காத விருந்தாளியைத் தரைக் கல்லைச் சாய்த்து ஆற்றில் தள்ளினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. நம்புவது உங்கள் இஷ்டம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டுமே சிரமம்தான். ஆக்னனூர் குளிர்காலத்தில் மூடியிருக்கும், தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கல்லுக்கு முத்தம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பிளார்னிக்குக் காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள்.