வடிகுழாய் பதித்து மூன்று மழைக்காலம் ஆச்சு: போடலாமா, வேண்டாமா?

கொல்லையில் காய்கறி போட ஆசைப்படும் நண்பர் ஒருவர், "உங்க தோட்டத்துல பதிச்சிருக்கிற ஓட்டைக் குழாயை நானும் போடலாமா?" என்று கேட்டார். அவர் கேட்ட நேரம், அதே குழாயின் வால்வை மறுபடியும் கழற்றி மாற்றிவிட்டு அப்போதுதான் கை கழுவியிருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். பள்ளமான இடம், களிமண். மண்ணில் தேங்கும் தண்ணீர் வடிந்து வெளியேற, தரைக்கடியில் 4 இஞ்சு ஓட்டைக் குழாய், சுற்றிலும் முக்கால் ஜல்லி, வெளியே மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, 100 அடிக்கு 1 அடி வாட்டம், கடைசியில் தெரு வாய்க்காலில் வாய். 2022 ஆடியில் பதித்தோம். பதிக்கும் முறையைக் காட்ட வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண மழைக்கு இந்தக் குழாய் தங்கம். ஒரு ராத்திரி நன்றாகப் பெய்தாலும் மறுநாள் மத்தியானம் பாத்தி ஓரம் கால் வைக்கலாம், புதையாது. முன்பெல்லாம் ஐப்பசி மழையில் மிளகாய்தான் முதலில் போகும். தண்ணீரிலேயே நிற்கும், ஆனால் இலை வெயிலில் காய்ந்த மாதிரி தொங்கும். வேருக்குக் காற்று இல்லை, அதுதான் காரணம். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு முட்டிப்போகும், அப்புறம் அழுகல் தானாக வரும். இப்போது குழாய்க்குப் பக்கத்து வரிசை மிளகாய் கார்த்திகையிலும் பூக்கிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. முன்பு அங்கே ஒரு அடி தோண்டினால் சாம்பல் நிறத்தில், நீலம் ஓடின மண் வரும். மூக்கில் வைத்தால் அழுகின முட்டை வாடை. போன மாசியில் அதே இடத்தில் மண்வெட்டி போட்டேன். வாடை இல்லை. சாம்பல் மண்ணின் ஊடே வேர் போன தடமெல்லாம் துருப்பிடித்த கம்பி மாதிரி சிவப்புக் கோடுகள். மண்ணில் இருக்கும் இரும்பைக் காற்று தொட்டால்தான் அந்த நிறம் வரும். அவ்வளவு ஆழத்துக்குக் காற்று இறங்கியிருக்கிறது! ஒரு கட்டியை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டுக்கும் பங்கு இருக்கிறது. கோடையில் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறேன். அதன் வேர் போன வழியில்தான் தண்ணீர் குழாய்க்கு இறங்குகிறது. வெறும் களிமண்ணில் குழாயிலிருந்து ஐந்தாறு அடிக்கு அப்பால் பெரிய வித்தியாசம் தெரியாது.

சரி, இப்போது குழாயின் கடைசி மூன்று அடிக்கு வருகிறேன். குழாயின் வாய்.

அடைமழை பிடித்தால் வாய்க்கால் நிறைந்து, குழாய் வாய்க்கு மேலே தண்ணீர் நிற்கிறது. அப்புறம் குழாயில் எது வடியும்? வாய்க்கால் தண்ணீர்தான் குழாய் வழியே ஏறி என் பாத்திக்கு வரும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததே, அந்த மழையில் இதுதான் நடந்தது. குழாய்க்குப் பக்கத்து வரிசைதான் முதலில் மூழ்கியது.

இதற்காகத்தான் நான்-ரிட்டர்ன் வால்வு. உள்ளே ஒரு மடல், வெளித் தண்ணீர் தள்ளினால் மூடிக்கொள்ள வேண்டும். போன வாரம் கழற்றிப் பார்த்தால், ரப்பர் வளையத்துக்கும் மடலுக்கும் நடுவே ஒரு வேப்பிலைக் காம்பு. தீக்குச்சி கனம்கூட இல்லை. அது விட்ட இடைவெளியில் ராத்திரி பூராவும் தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறது. போன தடவை நத்தை, அதற்கு முன்னால் பால் பாக்கெட்டின் கிழிந்த மூலை. வலை கட்டினால் வலையில் குப்பை சேர்ந்து, மழை இல்லாத நாளிலும் வடிவது நின்றுபோகிறது. வால்வு ஒழுங்காக மூடினாலும் வெள்ளம் உள்ளே வராது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை. உறை இறக்கித் தொட்டி கட்டி மோட்டார் வைக்கச் சொல்கிறார்கள். புயல் அன்றைக்குக் கரண்ட் எங்கே இருக்கும்?

குழாயைக் குற்றம் சொல்வது நியாயமில்லை, அது தன் வேலையைச் செய்கிறது. வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கின்றன. ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்தியதில் எங்கள் கொல்லை இன்னும் பள்ளமாகிவிட்டது. ஊர்த் தண்ணீர் போக வழியில்லாதபோது என் வீட்டுத் தண்ணீர் எங்கே போகும்? தூர்வாரச் சொல்லி மனு கொடுத்தாயிற்று. ஓரமாகக் கொஞ்சம் வெட்டினார்கள், தை பிறப்பதற்குள் மறுபடி மூடிக்கொண்டது. எரிச்சலாக இருக்கிறது. வருஷத்தில் நாலைந்து நாள்தான் எனக்கு இந்தக் குழாய் உயிர்போகிற அவசரம், அந்த நாலைந்து நாளில்தான் அது வேலைக்கு ஆகாமல் கிடக்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: போடாதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்டால், ஆமாம், இப்படித்தான் சொல்வேன். உங்கள் கொல்லை என்னுடையதைவிடப் பள்ளம். அந்தக் காசுக்கு இரண்டு லோடு வண்டல் அடித்து, ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். களிமண்ணோடு ஆற்று மணலை மட்டும் கலக்க வேண்டாம், இறுகிப்போகும். தொழுவுரம் போடுங்கள்.

அப்படியும் குழாய்தான் வேண்டுமென்றால், வரும் அடைமழையில் மூன்றாம் நாள் குடை எடுத்துக்கொண்டு போய் உங்கள் வாய்க்காலைப் பாருங்கள். அன்றைக்கும் வாய்க்கால் தண்ணீர் உங்கள் பாத்திக்கு இரண்டு அடி கீழே நின்றால் சொல்லுங்கள், குழி வெட்ட நானே வருகிறேன்.