கிரீன் டீ வாங்கலாமா? டப்பா சொல்வதும் கோப்பை சொல்வதும்

கிரீன் டீ டப்பாவைக் கையில் எடுத்தால் முன்பக்கம் முழுக்க வாக்குறுதிதான். எடை குறையும், கொழுப்பு கரையும், உடம்பில் உள்ள நச்செல்லாம் வெளியேறும், முகம் பளபளக்கும். அப்படியே திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் உட்பொருள் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும்: தேயிலை. நான் கிரீன் டீயை விரும்பிக் குடிக்கிற ஆள். இலையாக, பையாக, பொடியாக, பாட்டிலில் அடைத்ததாக எல்லாம் குடித்துப் பார்த்தாகிவிட்டது. அதனால் எந்த வடிவத்தை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம், எவ்வளவு குடித்தால் பயமில்லை என்று ஒரு வாடிக்கையாளராக எழுதுகிறேன். பிராண்டு பெயர் கேட்காதீர்கள். ஒரே பிராண்டிலேயே ஒரு டப்பா அருமையாகவும் அடுத்த டப்பா வைக்கோலை ஊறவைத்த மாதிரியும் வருகிறது.

இது ஏதோ தனி மூலிகை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இல்லை, சாதாரண டீத்தூள் வருகிற அதே கமேலியா சினென்சிஸ் செடிதான். கறுப்புத் தேயிலைக்கு இலையை வாடவிட்டு, கசக்கி, காற்றுப் பட்டு நிறம் மாற விடுவார்கள். பச்சைத் தேயிலைக்கு அந்த மாற்றம் நடக்கும் முன்பே சூடு காட்டி நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுக்கிறார்கள், ஜப்பானில் ஆவியில் அவிக்கிறார்கள். வறுத்த இலையில் லேசான கொட்டை வாசனை வரும், அவித்ததில் புல்லும் கடல்பாசியும் கலந்த ஒரு வாசனை. "எனக்குக் கிரீன் டீயே ஒத்துக்காது" என்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை மட்டும்தான் குடித்திருப்பார்கள்.

இப்படி நடுவில் நிறுத்துவதால் இலையில் இருக்கும் கேட்டசின்கள் என்ற கசப்புச் சேர்மங்கள் பெருமளவு மிஞ்சுகின்றன. டப்பாவில் கொட்டை எழுத்தில் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்று போடுவது முக்கியமாக இவற்றைத்தான். அதில் அதிகம் இருப்பது ஈஜிசிஜி என்ற வகை. பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டசினைப் பிரித்தெடுத்தவர் மிச்சியோ சுஜிமுரா என்ற ஜப்பானியப் பெண் விஞ்ஞானி, 1929-இல். 1932-இல் ஜப்பானில் வேளாண்மையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். டப்பாக்காரர்கள் அவர் பெயரை எங்காவது ஒரு மூலையில் போட்டிருக்கலாம்.

சரி, ருசிக்கு வருவோம். கிரீன் டீ மேல் வருகிற முதல் புகார் கசப்பு. அதில் பாதிப் பழி தண்ணீரைச் சேரும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கேட்டசினும் கஃபீனும் ஒரேயடியாக இறங்கி நாக்கை இழுத்துப் பிடிக்கும். மென்மையான இனிப்பைத் தருகிற அமினோ அமிலங்களோ குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும், அதனால் தண்ணீரை ஆறவிடுவதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. 70 முதல் 80 டிகிரி வரை சூடு, 200 மில்லிக்கு 2 கிராம் இலை, ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். கொதித்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலே ஏறக்குறைய 10 டிகிரி இறங்கிவிடும், இரண்டு தடவை மாற்றினால் வேலை முடிந்தது. நல்ல முழு இலையாக இருந்தால் முறுக்கிக்கொண்டு கிடந்தது தண்ணீர் பட்டதும் மெல்ல அவிழும், நரம்பும் ஓரத்து ரம்பப் பல்லும் தெரிகிற அளவுக்கு விரிந்து அடியில் உட்காரும், தண்ணீர் வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்து தெளிவாக இருக்கும். பழுப்பாக வந்தால் இலை பழசு, இல்லையென்றால் தண்ணீர் ரொம்பச் சூடு. அதே இலையில் இரண்டாவது தடவையும் ஊற்றலாம், இந்த முறை அரை நிமிடம் போதும். எனக்கு முதல் கோப்பையைவிட அந்த இரண்டாவதுதான் பிடிக்கும். வெயில் காலத்தில் இலையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு சில மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வடிகட்டிக் குடித்துப் பாருங்கள். கசப்பும் குறைவு, கஃபீனும் குறைவு. முழு இலைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை மதிப்பெண் கழுவுகிற தொல்லைக்காகப் பிடித்தது.

டீ பேக்குக்கு மூன்று. உள்ளே இருப்பது பெரும்பாலும் உடைந்த துண்டும் தூசியும், அதனால் சாறு சடக்கென்று இறங்கும், கசப்பும் கூடவே இறங்கும். ஆனால் அளவு மாறாது, அலுவலக மேசையில் இதைவிட வசதி கிடையாது. ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், எடுக்கும்போது கரண்டியில் வைத்துப் பிழியாதீர்கள். பார்க்க அழகாக இருக்கிற, பளபளக்கும் வலையால் ஆன முக்கோணப் பைகளில் மட்டும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவற்றில் பல நைலான் அல்லது பெட் பிளாஸ்டிக். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் அப்படிப்பட்ட பைகளை 95 டிகிரி தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு பையிலிருந்தும் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட நுண்துகள்கள் வெளிவந்ததாக எழுதினார்கள். அது உடம்பை என்ன செய்யும் என்பது வேறு கேள்வி, ஆனால் உடம்புக்கு நல்லது என்று வாங்குகிற பொருளோடு பிளாஸ்டிக்கையும் ஏன் குடிக்க வேண்டும்?

மாட்சாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே செடிக்கு நிழல் போட்டு வளர்த்து, இலையைப் பொடியாக அரைத்தது. மற்றதில் சாற்றைக் குடித்துவிட்டு இலையைத் தூக்கிப் போடுகிறோம், இதில் இலையையே விழுங்குகிறோம். அதனால் நல்லதும் கூடுதல், கஃபீனும் கூடுதல். சாதாரணக் கிரீன் டீ ஒரு கோப்பையில் 30 மில்லிகிராம் அளவுக்குக் கஃபீன் இருந்தால், 2 கிராம் மாட்சாவில் அதைப் போல இரண்டு மடங்கு சுலபமாக வந்துவிடும். காபியை எப்படி எண்ணி எண்ணிக் குடிப்பீர்களோ அப்படியே இதையும் குடிக்கவும். நல்ல பொடி பளிச்சென்ற பச்சையாக இருக்கும், மஞ்சள் தட்டினால் பழசு. பாலும் சிரப்பும் ஊற்றி உயரமான கிளாஸில் தருகிறார்களே, அது இனிப்புப் பண்டம். ஆரோக்கியக் கணக்கில் சேர்க்காமல் ஆசைக்குக் குடியுங்கள். பாட்டிலில் வருவதும் கிட்டத்தட்ட இதே கதைதான், லேபிளில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்துவிட்டு மூடியைத் திறக்கவும்.

இப்போது டப்பாவின் முன்பக்கத்துக்குப் போவோம். எடை குறையுமா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் இதைப் பார்த்தது. கிடைத்த எடைக் குறைவு மிகச் சிறியது, மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தும்படி இல்லை என்றுதான் முடிவு வந்தது. இன்னொரு விஷயம், சர்க்கரை போட்ட குளிர்பானத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கிரீன் டீ குடித்தால் எடை குறையலாம், ஏனென்றால் சர்க்கரை சேர்க்காத கிரீன் டீயில் கலோரி ஏறக்குறைய பூஜ்யம். அந்தப் பாராட்டு குளிர்பானத்தை நிறுத்தியதற்குப் போக வேண்டும். நச்சு நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. புற்றுநோய் பற்றிப் பேசும் டப்பாக்களும் உண்டு. 2020-இல் வந்த காக்ரேன் தொகுப்பு இதில் கிடைக்கும் சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவிட்டது.

அப்படியென்றால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொஞ்சம் குறைவதைப் பல சோதனைகள் காட்டுகின்றன, கொஞ்சம்தான், மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. ஜப்பானின் மியாகி பகுதியில் 1994 முதல் 40,530 பேரைத் தொடர்ந்து கவனித்த ஒசாகி ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களிடம், ஒன்றுக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட மொத்த இறப்பு ஆண்களில் 12 சதவீதம், பெண்களில் 23 சதவீதம் குறைவாக இருந்தது. குறிப்பாக இதயம், மூளை ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட இறப்பு குறைவு. புற்றுநோய் இறப்பில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இது மனிதர்களைப் பார்த்து எழுதிக்கொண்ட ஆய்வு, அவர்களுக்கு டீயைக் கொடுத்துச் சோதித்த ஆய்வு இல்லை. நிறைய கிரீன் டீ குடிப்பவர்கள் வேறு எதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார்களோ, அதுவும் அந்தக் கணக்கில் கலந்திருக்கலாம். நம்பிக்கை தருகிற செய்தி என்று எடுத்துக்கொள்கிறேன், உத்தரவாதமாக இல்லை. அப்புறம் அந்த நிதானமான சுறுசுறுப்பு. இலையில் எல்-தியானின் என்ற அமினோ அமிலம் கஃபீனோடு சேர்ந்தே இருக்கிறது. எனக்குக் காபி குடித்தால் வருகிற படபடப்பு இதில் வருவதில்லை.

இனி நான் பூஜ்யம் போடுகிற பொருள்: கிரீன் டீ சாறு அடைத்த கேப்ஸ்யூல். டீயும் அதுவும் ஒன்றுதானே, அதைவிடச் சக்தி அதிகம்தானே என்று கேட்பவர்களுக்கு, அந்தச் சக்திதான் சிக்கல். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் ஆராய்ந்து சொன்னது இது: டீயாகக் குடிப்பவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் வரைதான் ஈஜிசிஜி கிடைக்கிறது, கேப்ஸ்யூலில் 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போகும்போது கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தப் பரிசோதனையில் தெரிகின்றன. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே கொண்டுவந்தது. தினசரி அளவு 800-க்குக் கீழே இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது என்று லேபிளில் அச்சடிக்க வேண்டும். எடை குறைக்க வந்த ஒரு கிரீன் டீச் சாற்று மாத்திரையைக் கல்லீரல் பாதிப்புக் காரணமாகப் பிரான்ஸும் ஸ்பெயினும் 2003-லேயே சந்தையிலிருந்து எடுத்த கதையும் உண்டு. மாத்திரை சாப்பிடுகிற யாருக்காவது கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கோப்பையில் குடிப்பதற்கு அந்தப் பயம் தேவையில்லை, ஆனால் சிலர் கவனிக்க வேண்டியது உண்டு. ரத்தசோகை இருப்பவர்கள் சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது. கீரை, பயறு போன்றவற்றிலிருந்து வரும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் இது தடுக்கும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடவும். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். ரத்த அழுத்தத்துக்கு நடோலால் சாப்பிடுபவர்களுக்கு மருந்து ரத்தத்தில் சேருவதையே கிரீன் டீ பெருமளவு குறைத்துவிடும், இது மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த விஷயம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் திடீரென்று லிட்டர் கணக்கில் குடிக்க ஆரம்பிக்கக் கூடாது. போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தின் வேலையை ஈஜிசிஜி தடுப்பது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது, அந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு எல்லாப் பானங்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீன் வரை என்பது கணக்கு, மற்ற ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400. அந்தக் கணக்கில் மூன்று நான்கு கோப்பை தாராளமாக அடங்கும். சாயங்காலத்துக்கு மேல் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று டீயைத் திட்டாதீர்கள். சூட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியது. இது டீயின் குற்றமில்லை, சூட்டின் குற்றம்.

ருசிக்கு எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். ஆய்வகச் செரிமானச் சோதனைகளில் வைட்டமின் சி இருந்தால் கேட்டசின்கள் அதிகம் சிதையாமல் தாக்குப்பிடித்தன, அதனால் இது வெறும் அலங்காரம் இல்லை. தேன் ஊற்றுகிறவர்கள் ஊற்றட்டும், தேனும் சர்க்கரைதான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாங்கும்போது சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள், பேக் செய்த தேதியைப் பாருங்கள். கண்ணாடி ஜாடியில் அலமாரி மேல் வைத்தால் அழகு, ஆனால் வெளிச்சம் பட்டால் இலை சீக்கிரம் பாழாகும், மசாலா டப்பா பக்கத்தில் வைத்தால் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். காற்றுப் புகாத தகர டப்பா போதும். எடை குறைக்கலாம் என்று எப்போதோ வாங்கி மறந்துபோன டப்பா வீட்டில் இருந்தால் திறந்து முகர்ந்து பாருங்கள். புல் வாசனை இருந்தால் தண்ணீரை ஆறவைத்துப் போட்டுக் குடிக்கலாம். அட்டை வாசனைதான் வருகிறது என்றால் ஒரு கிண்ணத்தில் கொட்டி ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள், உள்ளே இருக்கும் நாற்றத்தையாவது எடுக்கும்.