ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி: தம்பியின் தலைக்குள் கசிந்த ரத்தம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் ஈப்போ அரசு மருத்துவமனையின் மூளை அறுவைப் பிரிவைத் தாராளமாக நம்பலாம். என் தம்பி இன்று நடமாடுகிறான் என்றால் அவர்களால்தான்.

அவனுக்கு வயது 26. செம்பனைக் குலை வெட்டுகிறவன். பிரஷர் இல்லை, இனிப்புநீர் இல்லை. திடீரென்று மண்டை பிளக்கிற வலி, வாந்தி, இடது கை மரத்துப்போனது. டவுனில் ஒரு கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கையைப் பற்றி அம்மா சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஈப்போவில் முதல் வேலையாக சிடி ஸ்கேன் எடுத்தார்கள். புது ரத்தம் அதில் வெள்ளையாகத் தெரியும். வலது பக்கத்தில் இருந்த திட்டை டாக்டர் திரையில் காட்டினார். "சின்ன வயசு, பிரஷரும் இல்லை. அப்படியென்றால் ரத்தக்குழாயில் கோளாறு இருக்கிறதா என்று தேடியே ஆகணும்" என்றார். சாயம் ஏற்றி எடுத்த சிடியில் ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்து ஆஞ்சியோகிராம். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைக் கழுத்து வரை கொண்டுபோய், சாயம் விட்டுப் படம் எடுப்பது. அதிலும் ஒன்றும் இல்லை.

எங்களுக்கு நிம்மதி. டாக்டருக்கு இல்லை. ரத்தக்கட்டி அழுத்திக்கொண்டிருந்தால் சின்ன ரத்தக்குழாய் முடிச்சு படத்தில் மறைந்துவிடுமாம். கட்டி கரைந்தபின் திரும்ப எடுக்கத் தேதி போட்டார். அந்த இரண்டாவது படத்தில்தான் அகப்பட்டது. தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் நேராகச் சேர்ந்திருந்த முடிச்சு, பிறவியிலேயே வந்திருக்கலாமாம். அம்மாவுக்குப் புரியவைத்தது ஒரு தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்): "பெரிய பம்புத் தண்ணியை மெல்லிசு ரப்பர் குழாயில் திருப்பி விட்டால் தாங்குமாம்மா?" அம்மா உடனே தலையாட்டினார்.

இந்த மாதிரி முடிச்சு வருடத்துக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை ரத்தம் கசிய வாய்ப்புண்டாம். ஒருமுறை கசிந்துவிட்டால் அடுத்த சில காலம் ஆபத்து கூடுதல். அப்புறம் ஆபரேஷன் செய்து முடிச்சை எடுத்தார்கள், நல்லபடியாக முடிந்தது.

போகிறவர்கள் கவனிக்க: சிறுநீரகக் கோளாறோ, சாயத்துக்கு ஒவ்வாமையோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆஞ்சியோகிராம் முடிந்தபின் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், துணைக்கு ஒருவர் கூடவே இருப்பது நல்லது. இரண்டாவது தேதி கொடுத்தால் குலை வெட்டு சீசன் என்று தள்ளிப்போடாதீர்கள், தோட்டத்து மேற்பார்வையாளர் மண்டோரிடம் அந்தத் தேதிக் கடிதத்தையே காட்டி லீவு கேளுங்கள்.