அரிய கிராம்-பாசிட்டிவ் ராடுகள்: மால்டியா, டியூப் டெஸ்டா?

பினாங்கு ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் கேட்பார்கள்: கிருமியின் புரதங்களை அளந்து பெயர் சொல்லும் மால்டி-டாஃப் மெஷின் இருக்கும்போது கேட்டலேஸ் (பெராக்சைடு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது), டி.எஸ்.ஐ. (ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்தால் கறுக்கும் அகார் டியூப்) என்று பழைய டெஸ்டுகளை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்? எனக்கு இரண்டுமே வேண்டும். கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரியும் கோல் வடிவக் கிருமிகளான கிராம்-பாசிட்டிவ் ராடுகள் விஷயத்தில் டியூபை விடவே மாட்டேன்.

வேகத்தில் மால்டியை அடிக்க முடியாது. தட்டில் கிருமிக் குவியல், அதாவது காலனி வளர்ந்திருந்தால் சில நிமிடங்களில் பெயர் வந்துவிடும். கொரைனிபாக்டீரியம் (டிப்தீரியாக் கிருமியின் பேரினம்) வகைகளைப் பிரிக்க, ஒரு நாள் காத்திருந்து நிறம் பார்க்கும் ஏபிஐ கோரைன் ஸ்ட்ரிப்பை இனி யாரும் தேடப்போவதில்லை. பெயர் எவ்வளவு உறுதி என்று மால்டி தரும் ஸ்கோர் 2.0க்குக் கீழே நின்றால், காலனியைத் தடவிய ஸ்பாட்டின்மேல் ஃபார்மிக் அமிலம் விட்டு மறுபடி ஓட்டுங்கள், பெரும்பாலும் ஏறும். நொகார்டியா என்ற கிருமிக்கு அது போதாது. புரதத்தைத் தனியே பிரித்தெடுக்கும் முழு எக்ஸ்ட்ராக்‌ஷன் செய்யவேண்டும்.

இப்போது மீன் முள் குத்திய ஒரு மார்க்கெட் வியாபாரியின் ரத்தக் கல்ச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ராடு, குண்டூசி முனையளவு காலனி, காலனியைச் சுற்றி ரத்த அணுக்கள் அரைகுறையாகச் சிதைந்து பச்சை படர்ந்த ஆல்ஃபா ஹீமோலிசிஸ், கேட்டலேஸ் நெகட்டிவ். பெரும்பாலும் தீங்கில்லாத லாக்டோபேசிலஸ் என்று ஒதுக்கத்தான் கை போகும். டி.எஸ்.ஐ.யில் குத்திய கோடு நெடுகக் கறுத்ததா, அது எரிசிபெலோத்ரிக்ஸ். இதய வால்வையே அரிக்கக்கூடியது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது, பெனிசிலினுக்கு அடங்கும். கிராம்-பாசிட்டிவ் என்றதும் வான்கோமைசின் ஏற்றும் வார்டுக்கு இந்தச் செய்தி உடனே போகவேண்டும். மால்டியும் இதைச் சரியாகச் சொல்லும்தான். ஆனால் மெஷின் எல்லா ஊரிலும் இல்லை, டி.எஸ்.ஐ. டியூப் இருக்கிறது.

லிஸ்டீரியாவில் மால்டியே தடுமாறும். அதில் நோய் தரும் மோனோசைட்டோஜீன்ஸ் இனத்தையும் பொதுவாகத் தீங்கில்லாத இன்னோகுவா இனத்தையும் சில சமயம் பிரிக்காது. பிளட் அகாரில் (ரத்தம் கலந்த தட்டு) மோனோசைட்டோஜீன்ஸ் காலனிக்கு அடியில் தெரியும் ஒடுங்கிய பீட்டா ஹீமோலிசிஸ் (ரத்த அணுக்கள் முழுதும் சிதைந்த தெளிவு) பிரித்துவிடும். டியூபில் குத்திய லிஸ்டீரியா குடை போல் விரியும் அசைவைப் பார்க்க 25 டிகிரி வேண்டும்; நம் ஊர் வெக்கையில் டியூபை வெளியே வைத்தால் ஏமாந்துபோவீர்கள், குளிரூட்டிய அறையில் வையுங்கள்.

எதிலும் பிடிபடாததற்கு 16எஸ் சீக்வென்சிங், அதாவது கிருமியின் 16எஸ் மரபணுவைப் படித்துப் பெயர் காண்பது. ஆனால் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய பேசிலஸ் சீரியஸ் இனக் கூட்டத்தை அதுவும் தெளிவாகப் பிரிக்காது.

டிப்தீரியாவில் (தொண்டை அடைப்பான்) பெயர் மட்டும் போதாது. 2016இல் மலேசியாவில் தடுப்பூசி போடாத குழந்தைகளை இந்த நோய் பலிகொண்டது. கிருமி கொரைனிபாக்டீரியம் டிப்தீரியேதான் என்று மால்டி சொல்லும். நச்சு சுரக்கிறதா என்று சொல்லாது. அதற்கு நச்சு மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆரும், நச்சு உண்மையிலேயே சுரக்கிறதா என்று தட்டில் பார்க்கும் எலெக் டெஸ்டும்தான். அந்த ரிசல்ட் வரட்டும் என்று இருக்காதீர்கள், பெயர் வந்ததுமே வார்டுக்குப் போன் போடுங்கள். நச்சை முறிக்கும் ஆன்டிடாக்சின் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து.